ஏறாத எண்

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ரத்தப் பரிசோதனை முடிந்ததும் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தம்பியின் போன் வரும். "எண் எவ்வளவுடா?" இதுதான் அக்காவின் முதல் கேள்வி. போன முறை 171. இந்த முறை 178.

"ஆறு வருஷமா மாத்திரை போடுற. இன்னும் இருநூறைத் தாண்டலையே?"

"தினமும் போட்டுக்கிட்டுத்தான்க்கா இருக்கேன்."

அக்கா நம்பவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறி வந்துவிட்டார். தம்பி டீ வாங்கப் போன நேரத்தில் பீரோவைத் திறந்து, மாத்திரை டப்பாவைக் கட்டிலில் கொட்டி எண்ணினார். தேதிக்கும் மீதிக்கும் கணக்குச் சரியாக இருந்தது. நிமிர்ந்தால், தூக்குவாளியோடு வாசலில் தம்பி. அன்றைக்கு இருவரும் அதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை.

தம்பிக்கு 52 வயது. தனி ஆள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை. அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்த ஒரே சொந்தம் அக்காதான். பஞ்சுத் தூசியால் வந்த இருமல் என்று நினைத்து, டானிக்கும் கஷாயமுமாக எட்டு மாதம் ஓட்டியவர் அவர். கடைசியில் அது காசநோய் என்று தெரிந்தது. அதோடு எச்.ஐ.வி.யும். அன்றைய சி.டி.4 எண்ணிக்கை வெறும் 34.

சி.டி.4 என்பது நோய் எதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளை அணுக்களின் கணக்கு. ஆரோக்கியமானவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500 முதல் 1,500 வரை இருக்கும். 200-க்குக் கீழே போனால் சாதாரண உடம்பை அண்டாத கிருமிகளும் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும்.

அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது தம்பி, அக்காவையும் கூட்டிக்கொண்டு போனார். கவுன்சலர் சிகிச்சைப் புத்தகத்தைப் புரட்டி இன்னொரு வரியைக் காட்டினார். வைரஸ் லோடு: கண்டறிய முடியாத அளவு.

"மாத்திரை அதோட வேலையைச் செய்யுதும்மா. உங்க தம்பியும் ஒழுங்கா இருக்கார். ஒழுங்கா போடலைன்னா இந்த வைரஸ் கணக்கு ஏறியிருக்கும். தீயை அணைச்சாச்சு. எரிஞ்ச கூரை தானா வேய்ஞ்சுக்குமா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

மருந்து வைரஸைப் பெருகவிடாமல் தடுக்கும். இழந்த அணுக்களை உடம்புதான் மறுபடி உண்டாக்க வேண்டும். புது டி அணுக்கள் நெஞ்சுக்கூட்டில் உள்ள தைமஸ் சுரப்பியில் பக்குவமாகின்றன. அதுவோ வயது ஏற ஏறச் சுருங்கிப்போகும். பல வருட எச்.ஐ.வி.யால் நிணநீர்க் கணுக்களில் தழும்பு விழுந்திருக்கும். தொற்றின் தொடக்கத்திலேயே குடல் சுவரில் உள்ள சி.டி.4 அணுக்கள் பெருமளவு அழிந்துவிடுகின்றன. அந்தச் சேதத்தின் வழியே கிருமிப் பொருள்கள் ரத்தத்தில் கசிந்து, உடம்பை ஓயாத அழற்சியிலேயே வைத்திருக்கும். கணக்கிடும் விதத்தைப் பொறுத்து, மருந்து நன்றாக வேலை செய்பவர்களிலேயே பத்தில் ஒருவர் முதல் நான்கு பேர் வரை இப்படி எண் ஏறாமல் நிற்கிறார்கள். தாமதமாக மருந்து தொடங்கியவர்களும் வயதானவர்களும்தான் இதில் அதிகம்.

ஒருகாலத்தில் தாமதத்துக்கு நோயாளி மட்டுமே காரணமாக இருக்கவில்லை. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அரசின் இலவசக் கூட்டு மருந்து 2004 ஏப்ரலில்தான் வந்தது. அதன் பிறகும் சி.டி.4 குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால்தான் மருந்து என்ற விதி 2017 வரை இருந்தது. உடம்பு இளைக்கட்டும் என்று வாசலில் காக்க வைத்த கதை!

"எண்ணை ஏத்த ஊசி எதுவும் இல்லையா?" என்று கேட்டார் அக்கா. முயன்று பார்த்திருக்கிறார்கள். இன்டர்லூகின்-2 ஊசியைப் பல நாடுகளில் 5,000-க்கும் மேற்பட்டோருக்கு நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் சோதித்தார்கள். சி.டி.4 ஏறியது, ஆனால் நோயும் மரணமும் குறையவில்லை. 2009-ல் முடிவு வெளியானதும் அந்த வழி அடைபட்டது. எண்ணை உயர்த்துவது ஒன்று, ஆளைக் காப்பது வேறொன்று என்று அப்போது புரிந்தது.

ஆகவே தம்பிக்கு வழக்கமான மாத்திரையோடு, கிருமித் தொற்றைத் தடுக்கும் கோட்ரிமாக்ஸசோலும் தொடர்கிறது. முக்கியமாக, காசநோய்மேல் ஒரு கண். மற்றவர்கள் என்றால் இருமல் இரண்டு வாரம் நீடித்தால் பரிசோதனை. அவருக்கு ஒரு நாள் இருமினாலும் போய்ச் சொல்ல வேண்டும். எண் குறைவு என்பதால் அவரால் மற்றவர்களுக்கு ஆபத்து கூடிவிடாது. வைரஸ் அடங்கி இருக்கும்வரை உடலுறவு வழியாகக்கூட அது பரவாது.

ஆடிப்பூரத்துக்கு முதல் நாள் தம்பி போன் செய்தார். காலையில் தேர் பார்க்க வருவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தவர் நடுவில் இருமினார்.

"எத்தனை நாளா?"

"நேத்துல இருந்துதான்க்கா. தறித் தூசி…"

"தேர் எங்கேயும் ஓடிறாது. ஆஸ்பத்திரி வாசல்ல நில்லு, வர்றேன்."

சளியைப் பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். காசநோய் இல்லை, சாதாரணச் சளிதான் என்று ரிசல்ட் வந்தபோது தேர் நிலைக்கு வந்து இரண்டு நாளாகியிருந்தது. அக்கா கால் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். பீரோ பக்கம் அவர் போகவே இல்லை.