வெட்டுக்கிளி பிறந்த ஊர்

அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்தின் நடுப்பகுதியில், மலைத் தொடர்களுக்கு இடையே வளைந்து ஓடுகிறது ஸஸ்குவஹானா நதியின் மேற்குக் கிளை. அதன் தென்கரையில் லாக் ஹேவன் என்னும் சிற்றூர் இருக்கிறது. தேசப்படத்தில் தேடிப் பார்த்தால்தான் கண்ணில் படும். ஆயினும் இரண்டாவது உலக யுத்தத்தில் போரிட்ட பெரிய சேனைகள் பலவும் இவ்வூரின் கைவேலையை அறிந்திருந்தன.

1937-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் பிராட்போர்டு நகரில் வில்லியம் பைப்பரின் விமானத் தொழிற்சாலை தீக்கிரையாயிற்று. வேறிடம் தேடிய அவருக்கு லாக் ஹேவனில் மூடிக் கிடந்த ஒரு பட்டு ஆலை கிடைத்தது. தறிகள் ஓடிய கூடத்தில் விமானங்கள் உருவாகத் தொடங்கின. செல்வர்கள் மட்டுமன்றிச் சாமானிய மக்களும் பறக்க வேண்டும் என்பதே பைப்பரின் ஆசை.

அந்த ஆசையின் வடிவந்தான் 'கப்' என்னும் மஞ்சள் நிற விமானம். எஃகுக் குழாய்களால் ஆன எலும்புக்கூடு. மேலே துணிதான் தோல். உள்ளே இருவருக்கே இடம். விசிறியைக் கையால் சுழற்றித்தான் இயந்திரத்தைக் கிளப்ப வேண்டும். பெட்ரோல் எவ்வளவு மிச்சம் என்பதைத் தக்கையில் செருகிய ஒரு கம்பி எழுந்தும் தாழ்ந்தும் காட்டிவிடும்! வேகமோ மணிக்குச் சுமார் 75 மைல்.

இந்தப் பரம சாதுவுக்கு யுத்த களத்தில் என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். 1941-இல் நடந்த சேனைப் பயிற்சிகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மேடு பள்ளத்தில் துள்ளித் துள்ளி இறங்கியதைக் கண்ட ஒரு தளபதி, வெட்டுக்கிளி போல் இருக்கிறதே என்றார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மஞ்சள் மேனிக்குக் கரும்பச்சை பூசி, 'எல்-4' என்று எண்ணிட்டு, 5,000-க்கு மேற்பட்டவற்றைச் சேனை வாங்கிக்கொண்டது.

வேகக் குறைவே அதன் பலமாயிற்று. சாலையிலும் மேய்ச்சல் நிலத்திலும் அது இறங்கும். கட்டளைகளையும் அதிகாரிகளையும் ஏற்றிச் செல்லும். எல்லாவற்றுக்கும் மேலாக, வானத்தில் நிதானமாக வட்டமிட்டுப் பீரங்கிப் படைக்குக் கண்ணாக விளங்கும். அது தலைக்கு மேல் தெரிந்தால் ஜெர்மானியப் பீரங்கிகள் பெரும்பாலும் வாய் திறவா. சுட்டால் இருப்பிடம் வெளியாகிவிடும் அல்லவா?

உள்ளே இருந்தவர்களுக்கோ சாதாரணமாகக் கைத்துப்பாக்கிக்கு மேல் ஆயுதமில்லை. துணிச் சுவரைத் தவிர வேறு கவசமும் இல்லை. 1942 நவம்பர் 9-ஆம் தேதி மொராக்கோக் கடற்கரையில் இவ்வகை விமானங்கள் மூன்று ஒரு கப்பலிலிருந்து கிளம்பின. முதன்முதலில் அவற்றைச் சுட்டவர்கள் அடையாளம் அறியாத சொந்தக் கட்சியாரே! ஒரு விமானி காயமுற்று வீழ்ந்தார்.

எளியோர் பறப்பதற்கென்று பிறந்த பொருள் இவ்வாறு அழிவுக்கு வழிகாட்டியாயிற்று. குண்டு ஒன்றும் சுமக்கவில்லை என்பதால் மட்டும் அதன் பங்கு குறைந்துவிடாது. யுத்தம் எதைத்தான் விட்டு வைக்கிறது?

1972-இல் ஸஸ்குவஹானா பெருக்கெடுத்துத் தொழிற்சாலையை மூழ்கடித்தது. 1984-இல் அது அடியோடு மூடப்பட்டது. இன்று அங்கே ஒரு விமானக் காட்சிசாலை இருக்கிறது. ஜூன் மாதத் திருவிழாவுக்குப் பல திசைகளிலிருந்தும் பழைய 'கப்'கள் வந்து ஆற்றங்கரைப் புல்வெளியில் இறங்குகின்றன. அவற்றில் பெரும்பாலானவை மஞ்சள் நிறம். பைப்பர் விரும்பிய நிறமும் வேலையும் அவற்றுக்கு மீண்டும் கிடைத்துவிட்டன.