ஒற்றைக்கண் வீரரும் நாமும்

இவ்விதழில் அன்பர்கள் பலர் தத்தம் ஊர்த் தேரோட்டத்தைப் பற்றியும், ஜி.டி. எக்ஸ்பிரஸில் கட்டுச்சோற்றுடன் வந்திறங்கிய முதல் நாளைப் பற்றியும் சுவைபட எழுதி வருகின்றனர். நாமோ, கண்ணால் கண்டிராத ஒரு நாட்டில், காலால் ஆடியறியாத ஓர் ஆட்டத்தை ஆடிப் பிழைத்த ஒருவரைப் பற்றி எழுத முற்பட்டுள்ளோம். இதற்குக் காரணம் நம் பேரன். சென்ற குளிர்காலத்தில் லடாக்கின் லே நகரில் நடந்த ஐஸ் ஹாக்கிப் பந்தயங்களைத் தொலைக்காட்சியில் கண்டது முதல் அவனுக்கு அவ்வாட்டத்தின் மீது தீராத மோகம். அவன் வாயிலாகத்தான் வில்லி ஓரீ என்னும் பெயர் நம் செவிக்கு எட்டியது.

ஆட்டத்தைப் பற்றிச் சிறிது கூறிவிடுதல் நலம். பக்கத்திற்கு அறுவர் களத்தில் நிற்பர். காலணியின் அடியில் கத்தி போன்ற இரும்புத் தகடு. பந்துக்குப் பதிலாக மூன்று அங்குல அகலமும் ஓர் அங்குல கனமும் உள்ள ரப்பர் வட்டு. அது துள்ளாதிருக்க உறைகுளிரில் இறுக வைத்துக் களத்துக்குக் கொண்டு வருவர். அது முகத்தில் பட்டால் என்ன ஆகும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஓரீ ஆடிய நாளில் ஆட்டக்காரர் பெரும்பாலோர் தலைக்கவசமும் அணிந்ததில்லை.

கனடா நாட்டின் கீழ்த்திசையில் நியூ பிரன்சுவிக் மாநிலத்தின் தலைநகரம் பிரெடெரிக்டன். அங்கே 1935ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், பதின்மூன்று மக்களுள் கடைக்குட்டியாக ஓரீ பிறந்தார். கறுப்பினக் குடும்பம். கொல்லைப்புறத்தில் நீரைத் தேக்கினால் அது தானே உறைந்து ஆடுகளமாகிவிடும் நாடு அது. மழலை மாறாப் பருவத்திலேயே சறுக்கப் பழகிய சிறுவன், இதுவே நம் தொழில் என்று இளமையிலேயே முடிவு கட்டினான்.

இருபது வயதில், கிச்சனர் நகரத்து இளையோர் அணியில் ஆடுகையில், திசைமாறி வந்த வட்டு ஒன்று அவருடைய வலக்கண்ணைத் தாக்கிற்று. விழித்திரை சிதைந்தது. இனி ஆடவே கூடாது என்றார் மருத்துவர். சில வாரங்களில் ஓரீ மீண்டும் பனித்தளத்தில் நின்றார். பெற்றோரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. தேசிய ஹாக்கிக் கழகத்திலோ ஒரு கண் பார்வை இழந்தோர் ஆடலாகாது என்று விதி இருந்தது. எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இவ்விடத்தில்தான் நாம் வாசிப்பதை நிறுத்திவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தோம்.

நமக்கும் வலக்கண் இல்லை. திருநெல்வேலிச் சீமையில் ஒன்பது வயதில் கிட்டிப்புள் ஆடுகையில் புள் பறந்து வந்து பட்டது. பச்சிலையும் தாய்ப்பாலும் விட்டார்கள். கண் பார்ப்பதற்குக் கண்ணாகவே இருந்தது. பார்வை மட்டும் போயிற்று. 1969ஆம் ஆண்டில் தில்லியில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தபோது மருத்துவச் சோதனைக்கு அழைத்தனர். சுவரில் எழுத்துப் பலகை. முதலில் இடக்கண்ணால் படிக்கச் சொன்னார்கள். படிக்கும்போதே கடைசி வரி வரை மனனம் செய்துகொண்டோம். பின்பு வலக்கண். ஒப்பித்தோம். தேவாரம் ஒப்பித்துப் பரிசு பெற்ற நாவுக்கு அது ஒரு பெரிய காரியமா? ஊரில் தாயாரும் மணமாகாத தமக்கையர் இருவரும் நம் சம்பளத்தை எதிர்நோக்கி இருந்தனர். அன்று செய்ததற்காக இன்றும் நாம் வருந்தவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

ஓரீயின் கதைக்கு மீள்வோம். 1956இல் அமெரிக்காவின் தென்பகுதியான ஜார்ஜியாவுக்கு பேஸ்பால் ஆட்டத் தேர்வுக்காக அவர் அழைக்கப்பட்டார். அங்கே வெள்ளையருக்கு ஒரு குழாய், கறுப்பருக்கு ஒரு குழாய். தேர்வில் தவறி ஊர் திரும்பும் பேருந்தில் பின்வரிசையிலேயே அமர வேண்டியிருந்தது. வண்டி வடக்கே செல்லச் செல்ல அவர் ஒவ்வொரு வரிசையாக முன்னே வந்தாராம். இந்தச் சிறு செய்தி நம் உள்ளத்தை விட்டு அகல மறுக்கிறது.

1958ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள், மான்ட்ரியல் நகரின் போரம் அரங்கில், பாஸ்டன் புரூயின்ஸ் அணியின் சார்பில் களமிறங்கினார் ஓரீ. அக்கழகத்தில் ஆடிய முதல் கறுப்பர் அவரே. அன்று பாஸ்டன் 3-0 என வென்றது. இரண்டே ஆட்டங்கள், பின்னர் சிற்றணிக்குத் திருப்பியனுப்பி விட்டனர். அக்காலத்தில் அக்கழகத்தில் இருந்தவை ஆறே அணிகள் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. 1960-61இல் மறுபடியும் அழைப்பு வந்தது, 43 ஆட்டங்கள். 1961 புத்தாண்டு நாளன்று தம் முதல் கோலை அடித்தபோது பாஸ்டன் அரங்கத்தார் எழுந்து நின்று ஆரவாரித்தனர். அதே பருவத்தில் சிகாகோவில் எதிரணியார் ஒருவர் மட்டையின் பிடியால் இடித்து அவருடைய முன்பற்கள் இரண்டை உடைத்தார். ஆக மொத்தம் 45 ஆட்டங்கள், 4 கோல்கள். பெரிய கழகத்து வாழ்வு அத்துடன் முடிந்தது.

கணக்குப் பார்ப்பவர்கள் இதைத் தோல்வி என்பர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. மேற்குக் கரையில் லாஸ் ஏஞ்சலிஸ் அணிக்குச் சென்றபின் நடந்தது என்ன தெரியுமா? அதுவரை அவர் இடப்புற ஆட்டக்காரர். இடப்புறம் நிற்பவருக்கு ஆட்டமெல்லாம் வலப்பக்கமாகவே நிகழும். வட்டு எங்கே எனக் காண அவர் கழுத்தை முழுதும் திருப்ப வேண்டும். அங்கே வலப்புறத்திற்கு ஆள் தேவைப்பட்டமையால் பயிற்சியாளர் அவரை மாற்றி நிறுத்தினார். உடனே களம் முழுவதும் நல்ல கண்ணின் பக்கம் வந்துவிட்டது! மேற்குக் கழகத்தில் இரண்டு பருவங்களில் தலைக்கு 38 கோல்கள் அடித்தார். பின்னர் சான் டியாகோவில் ஆடி, 1979இல் 43ஆம் வயதில் ஓய்வு பெற்றார். அதன்பின் ஓட்டல் ஒன்றில் காவற்பணி கூடப் பார்த்தார். 1998இல் தேசியக் கழகமே அவரைத் தேடிவந்து, சிறுவர்களுக்கு ஆட்டத்தைக் கொண்டு செல்லும் பணியைத் தந்தது. 2018இல் புகழ்மண்டபத்தில் இடம். 2022இல் அவருடைய 22ஆம் எண் சட்டையைப் பாஸ்டன் அரங்கின் உச்சியில் ஏற்றினர்.

அந்த உபாயத்தை நாமும் அறிவோம். அலுவலகத்தில் எப்போதும் வலக்கோடிச் சுவரை ஒட்டிய நாற்காலியையே கேட்டு வாங்குவோம். பந்தியில் வலக்கடைசி இலை. ஆனால் சாலையில் நாற்காலியை மாற்றிப் போட இயலாதே.

1984இல், பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெற்ற ஸ்கூட்டரில், பதினொரு வயது மகளைப் பின்னால் அமர்த்திக் கரோல் பாகில் சென்றுகொண்டிருந்தோம். வலப்புறச் சந்திலிருந்து சைக்கிளில் ஒரு பால்காரர் வந்தார். நாம் காணவேயில்லை. மகளின் கை ஒடிந்தது, சாலையெங்கும் பால். கூட்டம் கூடிற்று. “குருடனா நீ?” என்று அவரைக் கேட்டு ஒருவன் கன்னத்தில் அறைந்தான். நாம் வாய் திறக்கவில்லை. அவர் தம் காலிக் கேன்களைக் கட்டிக்கொண்டு சைக்கிளைத் தள்ளியவாறு போய்விட்டார்.

ஓரீ மறைத்ததனால் அடிபடக் கூடியவர் அவர் ஒருவரே. நம் மறைப்பு அப்படிப்பட்டதன்று. இதை உணர நமக்கு ஒரு கனடா நாட்டார் தேவைப்பட்டார்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காபி ஆறுவதையும் பாராமல், மகளிடம் அனைத்தையும் சொன்னோம். இல்லாளும் உடன் இருந்தார். “இது எனக்குக் கலியாணமான புதிதிலேயே தெரியும்” என்று கூறிவிட்டு அவர் அடுக்களைக்குள் சென்றார். மகள் தன் கையைச் சற்றுத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. கோபிப்பாள் என்று எதிர்பார்த்தோம்.

“அப்பா, அந்தப் பால்காரர் எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்று நினைவிருக்கிறதா?” என்று மட்டும் கேட்டாள்.

தெரு நினைவிருக்கிறது. வருகிற ஞாயிறன்று இருவரும் அங்கே போவதாக இருக்கிறோம். வண்டியை அவளே ஓட்டுவாள்.