ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

ஐப்பசி மழையில் ஊறிப் புடைத்துப்போன ஜன்னல் கதவு. உள்ளங்கையை வைத்து ஓங்கித் தள்ளினேன். கதவு அசையவில்லை, கண்ணாடிதான் போனது. வலது மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கமாக, ஆழமான வெட்டு. எனக்கு ரத்தத்தைப் பார்த்துப் பயம். தையல் போட வந்த டாக்டரோ அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. சுண்டுவிரல் நுனியைப் பஞ்சால் தொட்டு, "தெரியுதா சார்?" என்றார். தெரியவில்லை. மோதிர விரலைத் தொட்டார். அதில் ஒரு பாதிக்குத் தெரிந்தது. சுண்டுவிரலை ஒட்டிய மறுபாதிக்குத் தெரியவில்லை. ஒரே விரலுக்குப் பாகப்பிரிவினை நடந்திருந்தது.

அறுந்தது அல்னார் நரம்பு. முழங்கையை மேஜை விளிம்பில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை சுரீரென்று ஓடுமே, அதே நரம்பு. அறுவை சிகிச்சை செய்து, முடியைவிட மெல்லிய நூலால் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள்.

"தைச்சாச்சே, எப்ப சரியாகும் டாக்டர்?"

"நாங்க தைச்சது மேலுறையை மட்டும்தான் சார். உள்ளே இருக்கிற இழை தானா வளர்ந்து வரணும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். மாசத்துக்கு ஒரு அங்குலம்னு வெச்சுக்குங்க."

வீட்டுக்கு வந்ததும் ஸ்கேல் வைத்து அளந்தேன். தையலிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை 15 சென்டிமீட்டர். நூற்றைம்பது நாள்! வளர்ச்சி தொடங்கவே சில வாரம் ஆகும் என்றும் சொல்லியிருந்தார்.

அந்த மாதங்களில்தான் சுண்டுவிரலின் அருமை தெரிந்தது. விரல்களைச் சேர்த்துக் குவிக்க முடியாது. ரசம் சாதத்தை அள்ளினால் வாய்க்குப் போவதற்குள் பாதி இடுக்கில் வழிந்துவிடும். ஒரு நாள் காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மனைவிதான் கத்தினாள், "கையைப் பாருங்க!" சுண்டுவிரல் ஓரத்தில் கொப்புளம். எனக்குச் சூடே உறைக்கவில்லை.

இவ்வளவு மெதுவாக என்ன வேலை நடக்கிறது உள்ளே? கையைக் கட்டிப்போட்டுவிட்டால் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. படித்தேன்.

சுண்டுவிரல் நுனியில் தொட்டதை உணரும் நரம்பு செல்லின் உடல் விரலில் இல்லை. கழுத்தடியில், முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து விரல் நுனிவரை, ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் தூரத்துக்கு, ஒரே செல்லின் ஒரே இழை நீள்கிறது. அதுதான் ஆக்ஸான். அதற்கு வேண்டிய புரதங்களில் பெரும்பகுதி செல் உடலில்தான் தயாராகிறது. அடுப்பு கழுத்தில், பந்தி விரல் நுனியில்.

வழி அறுந்தால் என்ன ஆகும் என்பதை 1850இல் அகஸ்டஸ் வாலர் தவளை நாக்கின் நரம்புகளை அறுத்துப் பார்த்துச் சொன்னார். செல் உடலோடு தொடர்பு அறுந்த பகுதி சிதைந்துபோகும். என் உள்ளங்கையிலும் அதுதான் நடந்திருந்தது. பழைய இழைகள் அழிந்து, அவை கிடந்த உறைகள் மட்டும் காலிக் குழாய்களாகக் காத்திருந்தன.

சரக்கு நகர்வதைக் காட்டியவர்கள் பால் வைஸும் ஹெலன் ஹிஸ்கோவும். எலியின் நரம்பை ஒரு வளையத்தால் இறுக்கினார்கள். வாய்க்காலில் மடையை அடைத்தால் மேற்புறம் தண்ணீர் தேங்குமே, அதுபோல நரம்பு ஒரு பக்கம் மட்டும் வீங்கியது. செல் உடல் இருக்கும் பக்கம். வளையத்தை எடுத்ததும் தேங்கியது முன்னே நகர்ந்தது. 1948இல் அவர்கள் வெளியிட்ட கணக்கு, ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். என் டாக்டர் சொன்ன அதே எண்! இழை வளரும் வேகமும், அதன் சட்டகத்துக்கான சரக்கு வரும் வேகமும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன.

ஆனால் எல்லாச் சரக்கும் இப்படி ஊர்வதில்லை. சிறு பைகளில் கட்டி அனுப்பப்படுபவை ஒரு நாளைக்கு 400 மில்லிமீட்டர்வரை பாய்கின்றன. கழுத்திலிருந்து விரலுக்கு இரண்டே நாள். அவற்றைச் சுமக்கும் ஆளை 1985இல் ரொனால்ட் வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் ஆகியோர் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடற்கரை ஆய்வகத்தில், கணவாய் மீனின் தடித்த ஆக்ஸானை வைத்து ஆராய்ந்து வந்த காலம் அது. கைனசின் என்று பெயர் வைத்தார்கள். அது ஒரு புரதம். இரண்டு கால்போன்ற உறுப்புகளால், ஆக்ஸானுக்குள் தண்டவாளம்போல் கிடக்கும் நுண்குழல்களைப் பற்றி அடிமேல் அடி வைத்து நடக்கிறது. ஓர் அடிக்கு 8 நானோமீட்டர், கூலி செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்று. கழுத்திலிருந்து விரல் நுனிக்கு எட்டே முக்கால் கோடி அடிகள். தன்னைவிடப் பல மடங்கு பெரிய மூட்டையைச் சும்மாடுகூட இல்லாமல் தூக்கிப் போகிறது. சராசரியாக நூறு அடி வைத்ததும் பிடி நழுவிவிடும். அதற்குள் வேறொன்று பிடித்துக்கொள்ளும். மாடிக்குக் கைமாற்றிக் கைமாற்றிச் செங்கல் ஏற்றும் சித்தாள்களைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அப்படி.

விரலிலிருந்து கழுத்துக்குத் திரும்பும் சுமை வேறு ஆளுடையது. அவர் பெயர் டைனின். தேய்ந்த உறுப்புகளையும், தூரத்துச் சேதிகளையும் அவர் ஊருக்குக் கொண்டுபோகிறார். ஆளைப் பார்த்து மூட்டை ஏற்றத் தெரியாதவர். காயத்தில் உருவாகும் டெட்டனஸ் நச்சும் இந்த வண்டியில் தொற்றிக்கொண்டுதான் தண்டுவடத்துக்குப் போய்ச் சேர்கிறது. தையலுக்கு முன்னால் எனக்கு ஏன் ஊசி போட்டார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

பல நாள் என்னைக் குடைந்த கேள்வி ஒன்று உண்டு. இத்தனை வேகமான கூலியாட்கள் இருக்கும்போது, சட்டகச் சரக்கு மட்டும் ஏன் ஒரு மில்லிமீட்டர்? அதற்கு 2000ஆம் ஆண்டில்தான் விடை கிடைத்தது. ஒளிரும் புரதத்தைக் கட்டிவிட்டு, ஆக்ஸானுக்குள் நகரும் சட்டக இழைகளை நேரில் பார்த்தார்கள். அவை மெதுவாகப் போகவில்லை. விருட்டென்று ஓடுகின்றன, நிற்கின்றன, நெடுநேரம் நின்றுகொண்டே இருக்கின்றன, மறுபடி ஓடுகின்றன. அவுட்டரில் நிற்கும் பாசஞ்சர் ரயில்தான்! எஞ்சினில் குறையில்லை, சிக்னல் விழவில்லை.

அதைப் படித்த பிறகு என் எரிச்சல் அடங்கியது. கை சும்மா கிடப்பதாக நினைத்திருந்தேன். கிடக்கவில்லை, சிக்னலுக்குக் காத்திருந்தது.

மாதம் ஒருமுறை டாக்டர் உள்ளங்கையைக் கீழிருந்து மேலாக விரலால் தட்டிக்கொண்டே வருவார். ஓரிடத்தில் சுண்டுவிரலுக்குள் எறும்பு ஓடும். வளரும் இழையின் முனை அதுவரை வந்திருக்கிறது என்று பொருள். பேனாவால் புள்ளி வைப்பார். முதல் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களிடம் இதைக் கண்டறிந்து, 1915ஆம் ஆண்டில் எதிரெதிர் நாடுகளில் தனித்தனியாக எழுதியவர்கள் ஜெர்மனியின் ஹாஃப்மனும் பிரான்சின் டினேலும். "எறும்பு எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று வீட்டில் கேட்பாள். கையை நீட்டிக் காட்டுவேன்.

ஏழாம் மாதம் எறும்பு நுனிக்கு வந்துவிட்டது. சூடு தெரிகிறது, பஞ்சு தெரிகிறது. ரசம் வழிவது குறைந்திருக்கிறது. ஆனால் வளர்ந்த இழைகளில் சில, குழாய் மாறிப் புகுந்துவிட்டன போலிருக்கிறது. கொசு கடிப்பது சுண்டுவிரலில், நான் சொறிவது மோதிர விரலை.

ஜன்னல் சிக்கிக்கொண்டால் சட்டத்தைப் பிடித்துத் தள்ளுங்கள். கண்ணாடியில் கை வைக்காதீர்கள்.