அத்தை வீட்டுக் குளிர்

மார்கழி மாதத்து விடியற்காலையில் கிணற்று நீரை இறைத்துக் கையில் ஏந்தினால் வெதுவெதுப்பாக இருக்கும். சித்திரை வெயிலில் அதே நீர் குளிர்ந்திருக்கும். உண்மையில் கிணறு அவ்வளவாக மாறுவதில்லை; மாறுவது வெளியே உள்ள காற்றுத்தான். இந்தச் சிறு உண்மையை நம்பி, எங்கள் அத்தை தம் சேமிப்பின் பெரும்பகுதியை மண்ணுக்குள் போட்ட கதையை இங்கே கூற விரும்புகிறோம். அதில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அது பெருமைப்படத்தக்க பங்கு அன்று.

நாங்கள் என்பது எங்கள் வீட்டுப் பெண்கள் மூவர்: அக்காள், இதை எழுதும் நடுப்பெண், தங்கை. அப்பா திண்டுக்கல்லில் பிரிட்ஜ் பழுதுபார்க்கும் சிறு கடை வைத்திருக்கிறார். அப்பாவின் மூத்த சகோதரியான எங்கள் அத்தை, பல்லாண்டுகளுக்கு முன்பே செவிலியராகக் கனடா சென்றவர். ஒண்டாரியோ மாகாணத்தின் ஒரு கிராமப்புறத்தில் அவருடைய வீடு இருக்கிறது. 2019-இல் மாமா காலமான பின் அங்கே தனியாகவே வாழ்கிறார்.

அந்த ஊருக்கு எரிவாயுக் குழாய் போகவில்லை. நம் சமையல் சிலிண்டரில் இருக்கும் வாயுவுக்கு உறவான புரோப்பேன் வாயுவை லாரியில் கொண்டுவந்து, தோட்டத்துத் தொட்டியில் நிரப்புவார்கள். நிலவறையில் உள்ள உலை அதை எரித்து வீட்டைச் சூடாக்கும். ஓராண்டுக்கு 3,200 டாலர் இதற்கே செலவாகும் என்று அத்தை சொல்வார். 2024 மார்ச் மாதத்தில் அந்த உலை பழுதடைந்து, இனி அதிக நாள் தாங்காது என்றாகிவிட்டது. மற்றோர் உலை வாங்குவதா, நிலவெப்பப் பம்பு வைப்பதா என்று அத்தை அப்பாவிடம் தொலைபேசியில் யோசனை கேட்டார்.

நிலவெப்பம் என்றதும் எரிமலையும் வெந்நீர் ஊற்றும் எங்கள் நினைவுக்கு வந்தன. அப்பா சிரித்துவிட்டார். கடைக்கு அழைத்துச் சென்று, ஓடிக்கொண்டிருந்த பிரிட்ஜின் பின்புறத்தைத் தொடச் சொன்னார். சுட்டது.

"இந்தச் சூடு எங்கிருந்து வந்தது?"

"மின்சாரத்திலிருந்து" என்றாள் தங்கை.

"அது கொஞ்சம்தான். உள்ளே வைத்த பாலிலும் காய்கறியிலும் இருந்த சூட்டையும் இது வெளியே இழுத்துப் போடுகிறது. அத்தை வீட்டில் தோட்டத்து மண்தான் பால். வீடுதான் பிரிட்ஜின் பின்புறம்."

அதன்பின் எங்களுக்கு எல்லாம் எளிதாக விளங்கியது. ஒண்டாரியோவின் தென்பகுதியில் வெளியே பனி உறைந்து கிடக்கும்போதும், நிலத்தின் ஆழத்தில் சுமார் 8 முதல் 10 டிகிரி வெப்பம் இருக்கிறது. அது பெரும்பாலும் கோடை வெயில் மண்ணில் விட்டுச் சென்ற வெப்பமே. அங்கே பிளாஸ்டிக் குழாயைச் சுருள் சுருளாகப் புதைத்து, உறையாத மருந்து கலந்த நீரை அதில் சுற்றி வரச் செய்கிறார்கள். நீர் கொண்டுவரும் சிறு வெப்பத்தைக் குளிரூட்டும் திரவம் வாங்கி ஆவியாகிறது; கம்ப்ரஸர் அதை அழுத்த, அது நன்றாகச் சூடாகி வீட்டுக் காற்றுக்கு வெப்பத்தைத் தருகிறது. ஒரு யூனிட் மின்சாரம் செலவழித்தால் மூன்று அல்லது நான்கு யூனிட் வெப்பம் கிடைக்கும். வெப்பத்தைப் புதிதாக உண்டாக்காமல் இடம் மாற்றுவதால் வரும் லாபம் இது.

இக்கருத்து புதியதன்று. பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன் 1852-இலேயே வெப்பப் பம்பைப் பற்றி எழுதினார். நிலத்திலிருந்து வெப்பம் எடுக்கும் முறைக்கு 1912-இல் சுவிட்சர்லாந்தில் ஹைன்ரிச் சோலி காப்புரிமை பெற்றார். 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் சுவீடன் மக்கள் இதனைப் பெரிதும் விரும்பி ஏற்றனர்.

ஆனால் விலை? 31,000 டாலர் என்றார் அத்தை. புதிய உலைக்கோ 7,000 போதும். 2021-இல் தொடங்கிய மத்திய அரசின் மானியத் திட்டமும், 2024-இன் தொடக்கத்தில் புதிய விண்ணப்பங்களை ஏற்பதை நிறுத்திவிட்டது.

இங்கேதான் எங்கள் பங்கு வருகிறது. அவ்வாண்டு அக்காள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதியிருந்தாள். நான்காண்டுச் செவிலியர் பட்டப்படிப்புக்குத் தாமே பணம் கட்டுவதாக அத்தை முன்னரே வாக்களித்திருந்தார். இப்போது அந்தப் பணம் கனடாவின் களிமண்ணுக்குள் போய்விடுமோ என்று அஞ்சினோம். அப்பா ஒரே சொல்லில் "வேண்டாம்" என்றால் போதும். அத்தை தம்பியின் சொல்லைத் தட்டமாட்டார். எனவே ஒவ்வொரு முறை தொலைபேசி ஒலிக்கும்போதும், கதவுக்குப் பின்னால் நின்று அந்த ஒரு சொல்லுக்காகவே காத்திருந்தோம்.

அப்பாவோ கேள்விமேல் கேள்வி கேட்டார். முதலில் வந்த நிறுவனத்தார் வீட்டின் பரப்பளவை மட்டும் கேட்டுக்கொண்டு ஐந்து டன் இயந்திரம் வேண்டும் என்றார்களாம். "சன்னலையும் கூரையையும் அளக்காதவனிடம் வாங்காதே" என்றார் அப்பா. இரண்டாவது நிறுவனத்தார் ஒரு நாள் முழுவதும் அளந்து, வெப்பம் எவ்வழியாக வெளியேறுகிறது என்று கணக்கிட்டார்கள். கூரைக்கு அடியில் பஞ்சுறை போட்டு வெப்பத்தைத் தடுத்தால் மூன்று டன்னே போதும் என்று தெரிந்தது.

அடுத்த கேள்வி, மண்ணை எப்படித் தோண்டுவது? நம் ஊரில் திருச்செங்கோட்டுப் போர் வண்டி வந்து நூற்றுக்கணக்கான அடி துளைத்தும் தண்ணீர் வராவிட்டால், போட்ட பணம் வீண். அங்கே துளைப்பது வெப்பத்துக்காக. ஆகவே தண்ணீர் வராத துளையும் பயன்படும். ஆனால் துளை போட மேலும் 8,000 டாலர் ஆகும்; ஒண்டாரியோவின் 2012-ஆம் ஆண்டு விதிப்படி தனி அனுமதியும் வேண்டும். "வீட்டின் பின்னால் நிலம் சும்மாதானே கிடக்கிறது? ஆளுயரத்துக்குச் சற்று அதிகமாக வாய்க்கால் வெட்டிக் குழாயைப் படுக்கவைத்தால் போதாதா? மணலைவிட ஈரக் களிமண் வெப்பத்தை நன்றாகக் கடத்தும்" என்றார் அப்பா. அப்படியே முடிவாயிற்று.

காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் பம்பையும் அவர் மறக்கவில்லை. அத்தை வீட்டில் அதற்கு 19,000 டாலர்தான் ஆகும். ஆனால் கடுங்குளிர் இரவில், வெப்பம் மிகுதியாகத் தேவைப்படும் நேரத்தில்தான் அதன் திறன் குறையும். ஏறக்குறைய 15 ஆண்டுகளில் அதை மாற்றவும் வேண்டிவரும். "அதன்மேல் விழும் பனியை அள்ளிப்போட எனக்கு யார் இருக்கிறார்கள், தம்பி?" என்றார் அத்தை. நிலத்தில் புதைக்கும் குழாயோ ஐம்பது ஆண்டு தாங்கக்கூடியது.

மே மாதத்தில் ஓர் இரவு அப்பா பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். புரோப்பேன் 3,200. பம்புக்கு மின்சாரம் 1,000. ஆண்டு மிச்சம் 2,200. உலையைவிட அதிகமாகும் 24,000 டாலர் ஏறக்குறைய 11 ஆண்டுகளில் திரும்பும். ஒண்டாரியோ 2014-இல் தன் நிலக்கரி மின்நிலையங்களை மூடிவிட்டதால் புகையும் குறையும். அத்தைக்கு அப்போது வயது 63.

"தம்பி, நீ வேண்டாமென்றால் விட்டுவிடுகிறேன்" என்றார் அத்தை.

அப்பா சிறிது நேரம் பேசவில்லை. கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நாங்கள் நிற்பது அவருக்குத் தெரியும் என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். பிறகு, "அந்த வீட்டிலேயே இருக்கப் போகிறாய் என்றால் போட்டுவிடு அக்கா. விற்கும் எண்ணம் இருந்தால் போடாதே" என்றார்.

"உன் மாமா கட்டிய வீட்டை நான் விற்பேனா?" என்று கேட்டார் அத்தை.

அன்று இரவு அம்மா அப்பாவோடு பேசவில்லை. நாங்களும் சாப்பிடாமல் படுத்தோம். அப்பா எங்கள் அருகில் வந்து உட்கார்ந்தார். "பழுதில்லாத கம்ப்ரஸரை மாற்றச் சொல்லி யாரிடமும் நான் காசு வாங்கியதில்லை. முன்பின் தெரியாதவருக்கே அப்படி என்றால், கூடப் பிறந்தவளிடம் கணக்கைத் திருத்திச் சொல்வேனா?" என்றார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. கணக்கைத் திருத்திச் சொல்லட்டும் என்றுதானே நாங்கள் காத்திருந்தோம்!

மறுநாள் அக்காளே அத்தைக்குத் தொலைபேசி செய்து, வங்கியில் கல்விக் கடன் வாங்கப் போவதாகக் கூறினாள். அத்தை அழுதார், வேறு வழி பார்ப்பதாகச் சொன்னார். அக்காள் இணங்கவில்லை. கடன் கிடைத்தது. படிப்பு முடிந்ததும் அவள்தான் அடைக்க வேண்டும். அது சிறிய சுமையன்று என்பது எங்களுக்குத் தெரியும்.

2024 அக்டோபரில் வாய்க்கால் வெட்டிக் குழாயைப் புதைத்தார்கள். 2025 ஜனவரியில் ஒரு நாள் அத்தை வீடியோவில் பேசினார். வெளியே மைனஸ் 18 டிகிரி, உள்ளே 21. மின்சாரம் நின்றுபோனால் உதவட்டும் என்று பழைய விறகு அடுப்பையும் வைத்திருந்தார். வீட்டுக்குள்ளும் சால்வை போர்த்தியே நாங்கள் பார்த்துப் பழகிய அத்தை, அன்று சாதாரணச் சேலையில் இருந்தார். தரையிலுள்ள காற்றுத் துவாரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, "மாமா இருந்தபோதுகூட இந்த அறை இப்படி இருந்ததில்லை" என்றார்.

அக்காள் அப்போது விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாள். மறுநாள் காலையில் நாங்கள் மூவரும் கிணற்றடிக்குப் போனோம். பனி கொட்டிக்கொண்டிருந்தது. தங்கை வாளியை இறக்கி நீர் இறைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. அப்பாவுக்கும் ஒரு வாளி எடுத்து வைத்தோம்.