ஊசியைக்கூட இழுக்காத காந்தம்

சண்டை இல்லாத வீடு உண்டா? சத்தம் வெளியே வராத வீடு வேண்டுமானால் உண்டு. 'ஆன்ட்டிஃபெரோமேக்னெட்' என்கிற வஸ்து அந்த ரகம். உள்ளே அணுக்கள் எல்லாம் குட்டிக் குட்டிக் காந்தங்கள். ஒன்று வடக்கே பார்த்தால், பக்கத்தில் இருப்பது பிடிவாதமாகத் தெற்கே பார்க்கும். கூட்டிக் கழித்தால் பூஜ்யம். ஒரு குண்டூசியைக்கூட இழுக்காது.

எம்.எஸ்ஸி. முடித்த என் அக்கா பெண், கைக்கு வந்த சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு இதைத்தான் ஆராயப் போகிறாளாம். அத்தான் ரிட்டயர் ஆகிவிட்டார். வீட்டுக் கடன் பாக்கி. "மாமா, அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க" என்று என்னைத் தள்ளிவிட்டாள்.

விஷயம் இதுதான். 1911-ல் ஹாலந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஆனஸ் பாதரசத்தை மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர வைத்தபோது, அதன் மின்தடை சட்டென்று காணாமல் போயிற்று. அதுதான் சூப்பர் கண்டக்டர். அதற்குள் எலெக்ட்ரான்கள் தம்பதி சமேதராய், ஜோடியாகப் போகின்றன. சாதாரணக் காந்தம் கிட்டே வந்தால் ஜோடியைப் பிரித்துவிடும். இந்த ஊசி இழுக்காத காந்தம் வெளியே வம்பு செய்யாது அல்லவா? அதனால் இரண்டையும் மெல்லிசாக, அடை மேல் அடையாக அடுக்கி, வோல்ட்டேஜைத் திருகிக் கரண்ட்டைக் கூட்டிக் குறைக்கப் பார்க்கிறார்கள்.

"இதனால என்ன பிரயோஜனம்?" என்றாள் அக்கா.

நியாயமான கேள்வி. ஃபிரான்ஸின் லூயி நீல் இதைப் பற்றி எழுத ஆரம்பித்தது 1930-களில். 1970-ல் நோபல் பரிசு வாங்கினார். வாங்கின மேடையிலேயே, சுவாரசியமான சமாசாரம்தான், ஆனால் உபயோகம் இருப்பதாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார் மனுஷர்! 1997-ல் ஐ.பி.எம். ஹார்ட் டிஸ்க்கின் படிக்கும் முனைக்குள், பக்கத்து அடுக்கை அசையாமல் பிடித்து வைக்கும் வேலைக்கு அதே சரக்கு போய் உட்கார்ந்தது. நீல் காலமானது 2000-ல்.

ஆக, அறுபது வருஷம். மாதாமாதம் தவணை கட்டுகிறவளிடம் அறுபது வருஷக் கணக்கை எப்படிச் சொல்வது? ஆனாலும் சொன்னேன். கூடவே, தேர்வில் ஜெயித்து ஜே.ஆர்.எஃப். வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், 2023-ல் உயர்த்திய தொகை, என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வீட்டு வாடகைப் படி உண்டாடா?" என்றாள்.

உண்டு என்றேன். அக்காவின் தடை இன்னும் பூஜ்யத்துக்கு வரவில்லை. இறங்க ஆரம்பித்துவிட்டது.