சிங்கமலைச் சுரங்கத்தில் ஒரு கணம்

அற்றனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கத்தை எண்ணும்போதெல்லாம் நிலக்கரிப் புகையின் நெடி எமது நினைவுக்கு வருகின்றது. நீராவி எஞ்சின்கள் மலைநாட்டுப் பாதையில் மூச்சிரைக்க ஏறிய காலம் அது. சுரங்கம் நெருங்குமுன்னரே ஆச்சி யன்னல்களையெல்லாம் அடைத்துவிடுவார். ஆயினும் புகை எப்படியோ உள்ளே புகுந்துவிடும். இருளில் எமது கையைப் பற்றியபடி, "பயப்பிடாதை ராசா, இப்ப வெளிச்சம் வந்திடும்" என்பார்.

எமது சின்னையா புகையிரதப் பாதையை மேற்பார்வை செய்யும் கடமையில் இருந்தார். ஒருநாள், கையில் அரிக்கன் லாம்புடன் எம்மையும் அச்சுரங்கத்துள் அழைத்துச் சென்றார். 562 மீற்றர் நீளமான அது நடுவே வளைந்து செல்வதால், சிறிது தூரம் சென்றதும் இரு வாயில்களும் மறைந்துவிட்டன.

மலையை எவ்வாறு குடைந்தார்கள் என்று கேட்டோம். சுரங்கங்களைப் பெரும்பாலும் இரு புறமிருந்தும் குடைவார்கள் என்றார் சின்னையா. நில அளவையாளர் மலைக்கு மேலாக அளந்து, திசையையும் மட்டத்தையும் இரு புறத்தாருக்கும் குறித்துக் கொடுப்பர். தொழிலாளர் பாறையில் துளையிட்டு, வெடிமருந்து திணித்துத் தகர்த்து, கற்களை அள்ளி வெளியேற்றியவாறு முன்னேறுவர். பாறை உறுதியற்ற இடங்களில் மரமுட்டுக் கொடுத்து, பின்னர் கல்லாலோ செங்கல்லாலோ வளைவு கட்டுவர். ஊறும் நீர் வழிந்தோட ஓரத்தில் வாய்க்கால் அமைப்பர். நடுவிலே சந்திக்கும் நாள்வரை ஒரு புறத்தார் மறு புறத்தாரின் முகத்தைக் காணார்.

அவர் சொல்லி முடிக்குமுன் தண்டவாளம் அதிர்ந்தது. பிந்தி வந்த சரக்கு வண்டியொன்று! சின்னையா எம்மை இழுத்து, சுவரிலே குடையப்பட்டிருந்த ஆளளவான ஒதுக்கிடத்தினுள் தள்ளி, தமது முதுகால் மறைத்து நின்றார். இரைச்சலும் அனலும் புகையும் எம்மைக் கடந்தன. விளக்கு அணைந்தது.

வெளியே வந்து நெடுநேரம் சென்றபின்னரே சின்னையா பேசினார். "பாதை வேலைக்காரனுக்கெண்டு வெட்டினது. வெட்டினவன்ரை பேர் ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். அன்றிரவு ஆச்சியிடம் அவர் வாங்கிய ஏச்சு வேறு கதை.

1885ஆம் ஆண்டில் நானுஓயாவை அடைந்த அப்பாதை, 1924ஆம் ஆண்டில் பதுளையை எட்டியது. வழியிலே 46 சுரங்கங்கள். நீராவி எஞ்சின்கள் போய் டீசல் எஞ்சின்கள் வந்தன. ஆச்சியும் சின்னையாவும் மறைந்துவிட்டனர். சுரங்கத்தின் நீளத்தை வியந்து பேசுவோர் பலர். எமக்கோ, அந்தச் சிறிய ஒதுக்கிடமே பெரிதாகத் தோன்றுகின்றது. மலையைக் குடைந்த வேளையிலும், பின்னொரு நாள் அவ்விருளில் நடக்கப்போகும் எளிய மனிதனை யாரோ நினைத்திருக்கிறார்கள். அந்த நினைவினாலன்றோ இன்று இதனை எழுத நாம் இருக்கின்றோம்!