பின்பக்கத்து நூல்

இங்கிலாந்தின் இடைக்காலப் பூத்தையலில் ஒரு நுட்பம் உண்டு. பொன்னிழையைத் துணியின்மேல் படுக்கவைப்பார்கள். பின்பக்கத்திலிருந்து வரும் லினன் நூல் அதை வளைத்துப் பிடித்து, வந்த துளை வழியே மறுபடி இறங்கும். இறங்கும்போது பொன்னிழையையும் கடுகளவு உள்ளே இழுத்துக்கொள்ளும். முன்னால் நின்று பார்ப்பவருக்குப் பொன் மட்டுமே தெரியும். அதைப் பிடித்திருக்கும் நூல் தெரியாது. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவே இதற்கு ஆசைப்பட்டது. லத்தீனில் ‘ஓபஸ் ஆங்லிகானம்’, ஆங்கிலேயர் வேலை, என்றே பெயர். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலுள்ள சையான் மேலங்கி அதில் தப்பிப் பிழைத்தது.

தைத்தவர்கள் யார்? டர்ஹாமில் புனித கத்பெர்ட்டின் கல்லறையிலிருந்து எடுத்த 10ஆம் நூற்றாண்டுத் தோள்பட்டையில் ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது. அரசி ஆல்ஃப்ளாட் செய்வித்தாள் என்று. செய்தவள் பெயர் இல்லை. நம் கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு இந்த இலக்கணம் புதிதல்ல. மூன்றாம் ஹென்றியின் அரண்மனைக் கணக்குகளில் மேபல் என்ற பூத்தையற்காரியின் பெயர் பலமுறை வருகிறது. ஆனால் அவள் கைவேலை என்று காட்ட இன்று ஒரு துண்டுத் துணிகூட இல்லை.

இவர்களைவிட என்னை வெகுநாள் தூங்கவிடாதவள் எலிசபெத் பார்க்கர். சசெக்ஸில் 1813இல் பிறந்த ஏழைப்பெண். சிறுவயதிலேயே வீட்டுவேலைக்கு அனுப்பப்பட்டவள். 1830 வாக்கில் வெள்ளைத் துணியில் சிவப்புப் பட்டு நூலால், குறுக்குத் தையலில், தன் கதையை எழுதினாள். பூ இல்லை, கரை இல்லை, எழுத்து மட்டும். தனக்கு எழுதத் தெரியாது என்று தொடங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைத் தைத்திருக்கிறாள். வேலைக்குப் போன வீட்டில் எசமானன் அத்துமீற முயன்றது, மாடிப்படியில் தள்ளிவிட்டது, சாகத் துணிந்தது எல்லாம் அதில் உண்டு. தன் ஆன்மா என்னாகும் என்ற கேள்வியில் வாக்கியம் பாதியில் நிற்கிறது. கீழே வெறும் துணி. அவள் சாகவில்லை, பின்னாளில் ஊர்ப்பள்ளியில் ஆசிரியையானாள். பணிப்பெண்ணாக்குவதற்காகக் கற்றுக்கொடுத்த தையலை வைத்தே சாட்சி சொன்னவள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

நன்னூலில், சொல் பஞ்சு, புலவன் நூற்கும் பெண் என்றொரு உருவகம் வரும். வகுப்பில் நடத்தும்போதெல்லாம் இவள் நினைவு வருகிறது. உருவகத்தில் நமக்கு என்றும் தாராளமாக இடம் கொடுத்திருக்கிறார்கள்!

அதே ஊசிப்பாடம் கப்பலேறி இங்கும் வந்தது. நாகர்கோவிலில் 1820களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கூலியைச் சேர்த்து அடிமைத்தளையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. புதுச்சேரிக்கு 1827இல் குளூனி கன்னியர் வந்தார்கள்; ரோமன் ரோலண்ட் வீதியில் அவர்களுடைய பழைய பிரெஞ்சு வீட்டில் பெண்கள் இன்றும் மேசைவிரிப்புகளில் பூ வைக்கிறார்கள். அடக்கமும் கூலியும் ஒரே ஊசியில் கோக்கப்பட்ட படிப்பு அது. அடக்கத்தை விட்டுவிட்டுக் கூலியை மட்டும் எடுத்துக்கொண்ட பெண்களை எனக்குப் பிடிக்கும்.

எங்கள் பூரணாங்குப்பத்தில் இப்போது ஆரி ஒர்க்தான். கல்யாண ப்ளவுஸ்கள். கட்டையில் துணியை இழுத்துக் கட்டி, மேலே வலக்கை ஊசியைக் குத்த, கீழே இடக்கை நூலைக் கொடுக்கும். அந்த இடக்கையை யாரும் பார்ப்பதில்லை. கழுத்துப்பட்டியில் நகரத்துக் கடையின் பெயர் ஏறும். உள்ளே லைனிங் வைத்துத் தைத்துவிடுவார்கள்.

பக்கத்துத் தெருவில் ஒருத்தி, என்னைவிடப் பத்து வயது சின்னவள், ஒவ்வொரு ப்ளவுஸையும் கொடுப்பதற்கு முன் போனில் இரண்டு படம் எடுக்கிறாள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. பின்பக்கம் எதற்கு என்று கேட்டேன்.

“வேல தெரிஞ்சவங்க அதத்தான் டீச்சர் திருப்பிப் பாப்பாங்க. லைனிங் போட்டுட்டா அப்புறம் எங்க பாக்கறது?”

போனை என்னிடம் கொடுத்துவிட்டு அடுத்த துணியைக் கட்டையில் இழுத்துக் கட்டினாள். நான் பின்பக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.